எம்சிபி இருந்தும் ஷாக் அடிப்பது ஏன்? வீட்டு மின்பாதுகாப்புக்கு ஒரு வழிகாட்டி

மின்பலகையில் எம்சிபிகள் (அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாய்ந்தால் தாமே அணையும் சுவிட்சுகள்) வரிசையாக இருப்பதைப் பார்த்ததும், யாருக்காவது ஷாக் அடித்தால் அவை உடனே இணைப்பைத் துண்டித்துவிடும் என்று பலரும் நம்பிவிடுகிறார்கள். உண்மையில், சுவருக்குள் ஓடும் கம்பி சூடேறி எரிந்துவிடாமல் காப்பதற்குத்தான் எம்சிபி வைக்கப்படுகிறது. மனிதரைக் காக்க, மின்கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற வேறொரு கருவியும், சாதனங்களின் உலோக உடலை நிலத்தோடு இணைக்கும் ஒழுங்கான எர்த் இணைப்பும் தேவை. இம்மூன்றும் தனித்தனியே என்ன செய்கின்றன என்பது புரிந்துவிட்டால், வீட்டில் எதைச் சரிபார்க்க வேண்டும் என்பதும் தெளிவாகிவிடும்.

மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் பாயும் மின்னோட்டம் கிடைக்கும் என்பது 1827இல் ஜார்ஜ் ஓம் வெளியிட்ட விதி. உலர்ந்த தோலின் தடை பல ஆயிரம் ஓம்கள் இருக்கும். ஈரமாக இருக்கும்போது உடலின் தடை ஏறத்தாழ 1,000 ஓமுக்கு இறங்கிவிடலாம். அந்த நிலையில் 230 வோல்ட் உள்ள கம்பியைத் தொட்டால் உடல் வழியே சுமார் 230 மில்லி ஆம்பியர் பாயக்கூடும். 1 மில்லி ஆம்பியர் அளவிலேயே சுருக்கென்று உணர்கிறோம். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டும்போது கைத்தசைகள் இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகலாம். 30 மில்லி ஆம்பியருக்கு மேல் சிறிது நேரம் நீடித்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகக்கூடும். ஆனால் 16 ஆம்பியர் எம்சிபி என்பது 16,000 மில்லி ஆம்பியரைத் தடையின்றிக் கடத்துவதற்கென்றே செய்யப்பட்டது. ஓர் உயிரைப் பறிக்கப் போதுமான மின்னோட்டம் அதன் கணக்கில் ஒரு சிறு விளக்கின் சுமைதான்.

ஆர்சிசிபி வேறு விதமாக வேலை செய்கிறது. மின்சாரம் வரும் ஃபேஸ், அது திரும்பும் நியூட்ரல் ஆகிய இரண்டு கம்பிகளும் அதற்குள் இருக்கும் ஒரே காந்த வளையத்தின் ஊடாகச் செல்கின்றன. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்கும்வரை அவற்றின் காந்த விளைவுகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒரு பகுதி மனித உடல் வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ நிலத்துக்குக் கசிந்தால், சமநிலை குலைந்து கருவி இணைப்பைத் துண்டிக்கும். வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் வகையைத்தான் வாங்க வேண்டும். 100, 300 என்று குறிக்கப்பட்டவை தீ விபத்தைத் தடுக்க உதவுமே தவிர, மனிதரைக் காக்கும் அளவுக்கு நுட்பமானவை அல்ல. அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அழுத்திப் பாருங்கள். இணைப்பு துண்டிக்கப்படாவிட்டால் கருவியை உடனே மாற்றுங்கள். ஒரு கையில் ஃபேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடிப்பவரை ஆர்சிசிபியாலும் காப்பாற்ற இயலாது, ஏனெனில் போவதும் வருவதும் அப்போது சமமாகவே இருக்கும். அதிகச் சுமையையும் அது கவனிக்காது. ஆகவே எம்சிபியும் கட்டாயம் வேண்டும்.

எர்த் இணைப்பைத்தான் மக்கள் மிகவும் அலட்சியப்படுத்துகிறார்கள் என்பது என் எண்ணம். வாட்டர் ஹீட்டரின் உள்ளே மின்கசிவு ஏற்பட்டு அதன் உலோக உடலுக்கு மின்சாரம் வந்துவிட்டதாகக் கொள்வோம். எர்த் இருந்தால் கசியும் மின்னோட்டம் அதன் வழியே ஓடி, யாரும் தொடுவதற்கு முன்பே ஆர்சிசிபியை விழவைக்கும், அதாவது இணைப்பைத் துண்டிக்கச் செய்யும். எர்த் இல்லாவிட்டால், ஒரு கை வந்து தொடும்வரை அந்த உலோகம் 230 வோல்ட்டில் ஓசையின்றி இருக்கும். பலவகை மூன்று முள் பிளக்குகளில் எர்த் முள் மற்ற இரண்டைவிட நீளமாக இருப்பது, அது முதலில் இணைந்து கடைசியில் விலக வேண்டும் என்பதற்காகத்தான். அதை வெட்டிவிட்டு இரண்டு முள் சாக்கெட்டில் செருகுவதை எந்த அவசரத்திலும் செய்யாதீர்கள். டெஸ்ட் பொத்தான் எர்த்தைச் சோதிப்பதில்லை. அதை எலக்ட்ரீஷியன் அளவுக்கருவியைக் கொண்டு சோதித்துத்தான் சொல்ல முடியும்.

எந்தக் கருவியும் எளிதில் கண்டுபிடிக்காத ஆபத்து தளர்ந்த இணைப்பு. பிளக் முள்ளும் சாக்கெட்டும் சரியாகப் பொருந்தாமல் அங்கே அரை ஓம் தடை உருவானால், 10 ஆம்பியர் பாயும்போது அந்தச் சிறு புள்ளியில் மட்டும் 50 வாட் வெப்பம் உண்டாகும். மின்னோட்டம் அளவுக்கு உட்பட்டே இருப்பதால் எம்சிபி விழாது. கசிவு இல்லாததால் ஆர்சிசிபியும் விழாது. முள்ளின் அடியில் பழுப்பேறிய கறை, சாக்கெட்டின் ஓரம் இளகி வளைந்திருத்தல், கருகல் வாடை, சன்னமான சரசரப்பு ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் அந்த சாக்கெட்டைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு, பிளக்கையும் சாக்கெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி போன்றவற்றை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருக வேண்டாம். எம்சிபி அடிக்கடி விழுகிறது என்பதற்காக 16 ஆம்பியருக்குப் பதில் 32 ஆம்பியர் போடுவது, கம்பியை எரியவிட அனுமதி கொடுப்பதாகும்.

பல்ப் ஹோல்டரையோ சுவிட்சையோ கழற்றும் முன் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. தவறாக நியூட்ரலில் சுவிட்ச் பொருத்தப்பட்டிருந்தால், அணைத்த பிறகும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும். மெயின் சுவிட்சை அணைத்து, வீட்டிலுள்ளவர்களிடம் சொல்லிவிட்டு, இன்வெர்ட்டரோ சூரிய மின் அமைப்போ இருந்தால் அதையும் துண்டியுங்கள். டெஸ்டரை முதலில் மின்சாரம் இருப்பது உறுதியான ஓரிடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மெயினை அணைத்து, வேலை செய்யும் இடத்தில் சோதியுங்கள். பழுதான டெஸ்டரும் எரியாமல்தான் இருக்கும். கம்பியின் நிறத்தை மட்டும் நம்பி எதையும் தொடாதீர்கள். மின்பலகையைத் திறக்கும் வேலையை உரிமம் பெற்றவரிடம் விட்டுவிடுங்கள்.

ஒருவருக்கு ஷாக் அடித்து அவர் கம்பியோடு ஒட்டிக்கொண்டிருந்தால், அவரைத் தொடாமல் முதலில் மெயினை அணைக்க வேண்டும். அது முடியாதபோது, உலர்ந்த பலகை மீது நின்று உலர்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் பொருளாலோ கம்பியைத் தள்ளிவிடலாம். இது வீட்டு மின்சாரத்துக்கு மட்டுமே பொருந்தும், அறுந்து விழுந்த உயர் அழுத்தக் கம்பியின் அருகே போகவே கூடாது. மூச்சும் அசைவும் இல்லையென்றால் அவசர ஊர்தியை அழைத்துவிட்டு, மார்பின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்திக்கொண்டே இருங்கள். எழுந்து உட்கார்ந்து தமக்கு ஒன்றுமில்லை என்று அவர் சொன்னாலும், மயக்கம், நெஞ்சு படபடப்பு, தீப்புண் ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று ஈசிஜி எடுத்துப் பார்க்க வேண்டும்.