ரிசீவர் கோச்சாக வேண்டுமா? முதலில் மார்க்கரை எடுங்கள்

ஒஹையோவில் ஒரு கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு வீடியோ வெட்டித் தருவது என் வேலை. பன்னிரண்டு வருடமாகிறது. ஆடி முடித்துவிட்டுக் கோச்சாக வரும் ரிசீவர்கள், அதாவது வீசும் பந்தை ஓடிப்போய்ப் பிடிக்கும் ஆட்டக்காரர்கள், முதலில் வந்து உட்காருவது எங்கள் அறையில்தான். போன வருடம் என் அக்கா மகன் கனடா லீக்கில் ஆட்டத்தை முடித்துக்கொண்டு, "மாமா, எங்கேருந்து ஆரம்பிக்கறது?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

பட்டம் பாக்கியிருந்தால் அதை முதலில் முடியுங்கள். பட்டம் இல்லாதவரை எடுக்கப் பெரும்பாலான கல்லூரிகள் தயங்கும்.

அடுத்தது, வந்ததும் கோச் பதவி கேட்காதீர்கள். பிரையன் ஹார்ட்லைன் 2012-லும் 2013-லும் மயாமி டால்ஃபின்ஸ் என்ற தொழில்முறை அணிக்காகப் பந்தைப் பிடித்து ஆயிரம் யார்டு தாண்டியவர். ஒரே ஆட்டத்தில் 253 யார்டு எடுத்தவர். அப்படிப்பட்டவரே 2017-இல் தான் படித்த ஒஹையோ ஸ்டேட்டுக்குக் குவாலிட்டி கன்ட்ரோல் உதவியாளராகத்தான் போனார். மறுவருடம் ரிசீவர் கோச் இடம் திடீரென்று காலியானபோது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார், தற்காலிகமாக அவரிடம் கொடுத்தார்கள். 2019-இல் அது நிரந்தரமானது. பிறகு தொழில்முறை லீக்குக்குப் போன கேரட் வில்சன், கிறிஸ் ஒலாவே, மார்வின் ஹாரிசன் ஜூனியர் எல்லாம் அவரிடம் பயின்றவர்கள். 2025 டிசம்பரில் சவுத் ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் அவரைத் தலைமைக் கோச்சாக எடுத்துக்கொண்டது.

குவாலிட்டி கன்ட்ரோல் என்றால் என்ன வேலை? எதிரணியின் பழைய ஆட்டங்களைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் எத்தனையாவது டவுன் (முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் எது), எவ்வளவு தூரம், என்ன அமைப்பு என்று குறிக்க வேண்டும். பிறகு அந்த நகர்வுகளை மார்க்கரால் அட்டையில் வரைய வேண்டும். மறுநாள் பயிற்சியில் இரண்டாம் அணிப் பையன்கள் அந்த அட்டையைப் பார்த்துத்தான் எதிரணி போல ஆடுவார்கள். கோடு ஒரு விரல்கடை கோணலானால் பையன் தப்பான இடத்துக்கு ஓடுவான். இந்த வேலையை மட்டமாக நினைக்காதீர்கள். இதுவரை உங்கள் ஒருவரின் ரூட்டை, அதாவது ஓடும் பாதையை, மட்டும் பார்த்த கண், இங்கேதான் பதினொரு பேரையும் சேர்த்துப் பார்க்கப் பழகும்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது, காலுக்குத் தெரிந்ததை வாயால் சொல்வது. அக்கா மகனை உட்காரவைத்து, "கையைக் கட்டிக்கொண்டு கர்ல் ரூட்டை விளக்கு" என்றேன். "ஓடிப்போய் டக்குனு திரும்பணும் மாமா" என்றான். எத்தனை யார்டில்? எந்தக் காலை ஊன்றி? பதில் இல்லை. அவனுடைய பழைய வீடியோவையே ஒவ்வொரு படமாக நகர்த்தினோம். பன்னிரண்டாவது யார்டுவரை தோள் நிமிரவே இல்லை, மார்பு முழங்காலுக்கு மேலேயே இருந்தது. அதனால்தான் அவன் நிற்கப்போவது அவனை மறிக்க வந்த கார்னர்பேக்குக்குத் தெரியவில்லை. இடுப்பு தாழ்ந்தது, வெளிக்கால் ஊன்றியது, பந்தை நோக்கி இரண்டு யார்டு திரும்பி வந்தான். இத்தனை வருடம் தான் செய்ததை அன்றுதான் அவனே கண்டான். "இதை எழுது" என்று நோட்டைக் கொடுத்தேன். நீங்களும் ஒரு நாளைக்கு ஒரு ரூட் எழுதுங்கள். பந்து பிடிப்பதையும் அப்படியே எழுதுங்கள்: மார்புக்கு மேலே வந்தால் கட்டைவிரல்கள் சேர வேண்டும், இடுப்புக்குக் கீழே வந்தால் சுண்டுவிரல்கள்.

முன்பெல்லாம் இப்படிப்பட்ட உதவியாளர்கள் மைதானத்தில் வாய் திறந்து கற்றுக்கொடுக்க முடியாது. 2024-இல் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு முதல்தரக் கல்லூரிகளுக்கு அந்தத் தடையை எடுத்துவிட்டது. இன்று கடைநிலை ஊழியரும் சொல்லித்தரலாம், ஆகவே முதல் நாளே தயாராகப் போங்கள். வெளியூர் போய்ப் பள்ளிப் பையன்களைத் திரட்டும் உரிமை மட்டும் இன்னமும் சிலருக்குத்தான். அந்த வேலை வரும்வரை பள்ளிக் கோச்சுகளின் பெயரையும் முகத்தையும் மனதில் பதித்து வையுங்கள்.

போன வாரம் அக்கா மகன் கர்ல் ரூட்டை விளக்கி ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தான். ஒன்றும் விடுபடவில்லை, ஆனால் ஒரு நிமிடம் பத்து விநாடி ஓடியது. மைதானத்தில் ஒரு முயற்சி முடிந்து அடுத்தது தொடங்க நாற்பது விநாடிதான் கிடைக்கும். இருபதுக்குள் சொல்லிப் பழகச் சொல்லியிருக்கிறேன்.