தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் குடும்ப வரலாற்று ஆய்வாளராகப் பணியாற்றுவது எப்படி?

குடும்ப வரலாற்றை ஆராய்வதைத் தொழிலாகக் கொள்ள விரும்புபவர், பெயரை மட்டும் பற்றிக்கொண்டு போகாமல், ஊரையும் நிலத்தையும் சேர்த்துப் பின்தொடரப் பழக வேண்டும். தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கம் நம்மிடம் உள்ளதால், முனுசாமி மகன் கிருஷ்ணன், கிருஷ்ணன் மகன் முனுசாமி என்று பெயர்கள் மாறி மாறி வந்து, தலைப்பெழுத்துகூட ஒன்றாகவே அமைந்துவிடும். எந்த முனுசாமி என்பதை அவர் உழுத நிலமே காட்டிக்கொடுக்கும்.

பணியை வீட்டுப் பெரியவர்களிடமிருந்து தொடங்குங்கள். பிறந்த ஆண்டைக் கேட்பதைவிட, கிருஷ்ணகிரி அணை திறக்கப்பட்டபோது (1957) என்ன வயது, திருமணம் ஆகியிருந்ததா என்று கேட்டால் நம்பத்தக்க விடை கிடைக்கும். குலதெய்வம் எது, பங்காளிகள் யார், பெண் கொடுத்த ஊர்கள் எவை என்பவற்றையும் கேட்டு, யார் எப்போது சொன்னார் என்பதோடு எழுதிக்கொள்ளுங்கள். பாட்டிமாரிடம் தனியாகப் பேசுவது மிக அவசியம். பிறந்த வீட்டு வழியை அவர்களைவிடத் தெளிவாகச் சொல்லக்கூடியவர் பெரும்பாலும் இருப்பதில்லை. அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணந்த குடும்பங்களில் ஒருவரே இரண்டு உறவுமுறைகளில் வருவார் என்பதால், வரைபடத்தில் ஒவ்வொருவருக்கும் தனி எண் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து வருபவை ஆவணங்கள். தர்மபுரி மாவட்டம் 1965-இல் சேலத்திலிருந்தும், கிருஷ்ணகிரி 2004-இல் தர்மபுரியிலிருந்தும் பிரிந்தவை. 1878-இல் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜியின் ஊர்கூட அன்று சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. ஆகவே பழைய பதிவைச் சேலத்தின் பெயரில் தேட வேண்டும். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தையும் மறக்கலாகாது. இவ்வட்டாரத்தின் பெரும்பகுதியை உள்ளடக்கிய பாரமகால் என்ற நிலப்பகுதி 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபின், கம்பெனி அதிகாரிகளான அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் இங்கு நில அளவையும் வரி நிர்ணயமும் செய்தனர். அக்காலப் பதிவுகள் ஊரின் நிலையை விளக்கும்; அவற்றில் தம் முப்பாட்டனாரின் பெயர் கட்டாயம் இருக்கும் என்று யாருக்கும் வாக்களிக்காதீர்கள்.

கிரயப் பத்திரமும் பாகப்பிரிவினைப் பத்திரமும்தான் இத்தொழிலின் உயிர்நாடி என்பது என் உறுதியான கருத்து. அவற்றில் தகப்பன் பெயரும் ஊரும் எழுதப்பட்டிருக்கும். நான்கெல்லை விவரத்தில் வரும் பக்கத்து நிலக்காரர் பல வேளைகளில் பாகம் பிரிந்த சகோதரராகவே இருப்பார். சாட்சிக் கையொப்பமிட்டவர் மைத்துனராக இருக்கலாம். தமிழ் ஆண்டில் தேதியிட்ட ஓலையோ தாளோ கிடைத்தால், அறுபதாண்டுச் சுழற்சியைக் கணக்கில் கொள்ளுங்கள். பெரும்பஞ்சம் வந்த தாது ஆண்டு 1876-இல் பிறந்தது. மீண்டும் 1936-இலும் வந்தது. முத்திரைத்தாளில் விக்டோரியா அரசியின் உருவம் இருந்தால் அது முந்தையது என்று துணியலாம். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் குடும்பங்களின் தாள்கள் தெலுங்கிலோ கன்னடத்திலோ இருக்கக்கூடும் என்பதால், அவ்வெழுத்துகளைப் படிக்கத் தெரிந்த ஒருவரின் துணை வேண்டும். கிறிஸ்தவக் குடும்பமாயின் பங்குக் கோயிலின் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளைப் பார்க்க அனுமதி கேளுங்கள்.

கட்டணத்தைத் தேடும் உழைப்புக்கே பேசுங்கள், கிடைக்கும் விடைக்கு அல்ல. விடைக்குப் பணம் என்றால் அரச பரம்பரையைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லும் அழுத்தம் வரும். உங்கள் அறிக்கை வாரிசுச் சான்றாகாது, அதை வட்டாட்சியரே வழங்குவார் என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். தத்து, இரண்டாம் திருமணம் போன்றவை வெளிப்பட்டால், உயிரோடிருப்பவர்களின் இசைவின்றி அவற்றைப் பிறருக்குக் காட்டக்கூடாது.

இத்தொழிலைப் பிறருக்குக் கற்பிக்கும்போது விரிவுரையைக் குறைத்து, ஒவ்வொருவரும் தம் வீட்டு மூலப்பத்திரத்தின் நகலைக் கொண்டுவரச் செய்யுங்கள். அதிலுள்ள ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘ஆவணத்தில் கண்டது’, ‘பெரியவர் சொன்னது’, ‘நான் ஊகித்தது’ என்று மூன்றில் ஒன்றை எழுதவைத்து, மூன்றாவது வகையை முதல் வகையாக்க எந்த அலுவலகத்தில் எதைக் கேட்க வேண்டும் என்று வகுப்பிலேயே மனு எழுதப் பழக்குங்கள்.