பியானோ தந்தியை ட்யூனிங் பின்னில் சுற்றும் முறை: இடைவெளி இல்லாமல் மூன்று சுற்று

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் பியானோவின் சுருதி கலைந்தால் உடனே பனிமூட்டத்தைச் சொல்லிவிடுகிறார்கள். ஈரக்காற்றில் சவுண்ட்போர்டு (தந்திகளின் ஒலியைப் பெருக்கும் மரப்பலகை) உப்பும்போது நடு ஸ்தாயி மொத்தமாகச் சுருதி ஏறும். ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் மொத்தமாக இறங்கும். ஆனால் ஒரே சுரத்தின் மூன்று தந்திகளில் ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப இறங்கினால் வானிலை காரணம் இல்லை. ட்யூனிங் பின் (தந்தியைச் சுற்றி இறுக்கும் ஆணி) மரத்தில் பிடிப்பிழந்திருக்கும், அல்லது தந்தியின் சுற்று சரியில்லை.

அறுந்த தந்தியை மாற்றும்போது துரு ஏறாத இடத்தில் மைக்ரோமீட்டர் வைத்துத் தடிமன் பாருங்கள். பியானோ கம்பிகளுக்குத் தடிமன்படி எண் உண்டு; அரை எண் வித்தியாசம் பெரும்பாலும் 0.025 மி.மீ.தான், கண்ணால் மதிப்பிட முடியாது. மேல் ஸ்தாயியில் பெரும்பாலும் ஒரே கம்பி மறுமுனைக் கொக்கியைச் சுற்றித் திரும்பி வந்து இரண்டு பின்களுக்குப் போகும், எனவே இரண்டையும் தளர்த்த வேண்டியிருக்கும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். ஒரு தந்தியில் சுமார் 70 கிலோ இழுவிசை இருக்கிறது. தவிர, கை வியர்வை பட்ட கம்பி மலை ஈரத்தில் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

பழைய சுற்றை எடுத்ததும், ட்யூனிங் பின் மொத்தம் மூன்று சுற்று இடப்பக்கமாகத் திரும்பியிருக்க வேண்டும். பின்னில் நுண்ணிய மரை உண்டு. பின்னோக்கித் திருப்பினால் சற்று வெளியே வரும், புதுத் தந்தியைச் சுற்றும்போது பழைய ஆழத்துக்கே இறங்கும். இதைத் தவிர்த்தால் பின் ஆழமாகப் போய், சுற்றுகள் இரும்புச் சட்டத்தில் உரசும்.

நீளக் கணக்கு எளிது. 7 மி.மீ. பின்னில் கம்பித் தடிமனையும் சேர்த்தால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 25 மி.மீ. மூன்று சுற்றுக்கு 75, பின்னில் உள்ள துளைக்குள் சுமார் 7. ஆக, கம்பியை இழுத்துப் பிடித்து, பின்னைத் தாண்டி சுமார் 8 செ.மீ. விட்டு வெட்டுங்கள்; நான்கு விரல் அகலம் என்று வைத்துக்கொள்ளலாம். குறைந்தால் இரண்டு சுற்றோடு நின்றுவிடும், பிடி போதாது.

முனையைத் துளையில் நுழைத்து, மறுபக்க விளிம்போடு சமமாக நிறுத்துங்கள். வெளியே நீட்டினால் கையைக் கிழிக்கும். உள்ளே குறைந்தால் வழுக்கும். முதல் அரைச் சுற்றை மிக மெதுவாக வலப்பக்கம் திருப்புங்கள். துளை வாயில் கம்பி கூர்மையாக மடங்க வேண்டும், வளைவாக அல்ல. அந்த மடிப்பைப் பிளையரால் அழுத்திவிடுங்கள். பிறகு இடக்கையால் கம்பியை இறுக்கிப் பிடித்தபடியே சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தியதை ஒட்டி, சட்டத்தை நோக்கி இறங்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் அவிழ்த்துவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள். ஏறிய சுற்று என்றாவது நழுவும், சுருதி விழும். ஆனால் பழைய மடிப்பை நிமிர்த்தி மீண்டும் மடக்காதீர்கள். இந்த எஃகு இரண்டாவது மடிப்பைத் தாங்காது; புதுக் கம்பி எடுப்பதே நல்லது.

பாதி இறுக்கத்தில் நிறுத்தி, தட்டையான ஸ்க்ரூடிரைவர் முனையால் சுற்றுகளைத் துளைப் பக்கம் நெருக்குங்கள். முழு இழுவிசை ஏறியபின் அவை எளிதில் அசையாது. கடைசிச் சுற்றுக்கும் சட்டத்துக்கும் 4, 5 மி.மீ. இடைவெளி இருந்தால் போதும். துருவுக்குப் பயந்து பின்னருகே எண்ணெய் போடுவது பெரிய தவறு. அது மரத்துக்குள் இறங்கி, பின்னின் பிடிப்பையே கெடுத்துவிடும்.

புதுத் தந்தி நீளும். மறுநாள் ஒருமுறை, ஒரு வாரத்தில் ஒருமுறை, பிறகு மாதமொருமுறை என நிற்கும்வரை சுருதி சேருங்கள்.