இதழ் வடிவமைப்பில் பிற கலைகளின் செல்வாக்கு: தடம் பிடிப்பதும் கையாள்வதும்

பக்க வடிவமைப்பும் இதழ் ஒளிப்படமும் கற்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் பிற இதழ்களைப் பார்த்தே கற்கிறார்கள். அப்படிக் கற்கும்போது இன்னொருவர் எடுத்த முடிவின் விளைவு மட்டுமே நம் கைக்கு வருகிறது. அந்த முடிவுக்கு அவரைக் கொண்டுசேர்த்த காரணம் வருவதில்லை. நல்ல இதழ்ப் பக்கங்களுக்கான வித்துகள் பெரும்பாலும் மேடை, சுவரொட்டி, விளையாட்டுத் திடல் போன்ற வேறு களங்களில் விழுந்தவை. அவற்றைத் தேடிக் கண்டு, சொந்த வேலைக்குப் பயன்படுத்தும் ஒரு வழிமுறையை இங்கே தருகிறேன்.

முதலில் ஒரே ஒரு கலை இயக்குநரையும் (இதழின் தோற்றத்தைத் தீர்மானிப்பவர்) ஒரே ஓர் இதழையும் தேர்ந்துகொள்ளுங்கள். நூறு இடங்களிலிருந்து திரட்டிய படங்களைக் காட்டிலும் ஒருவருடைய இருபது பக்கங்கள் அதிகம் கற்றுத்தரும். நான் பரிந்துரைப்பது அலெக்ஸி ப்ரோடோவிச். ரஷ்யப் பேரரசில் பிறந்து, 1920இல் பாரிஸுக்கும் 1930இல் அமெரிக்காவுக்கும் குடிபெயர்ந்த அவர், 1934 முதல் 1958 வரை ‘ஹார்ப்பர்ஸ் பஸார்’ என்ற அமெரிக்க ஆடை அலங்கார இதழின் கலை இயக்குநராக இருந்தார்.

அவருடைய எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டை எடுத்து வைத்துக்கொண்டு, விளக்கம் எதையும் படிப்பதற்கு முன், கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எளிய சொற்களில் எழுதுங்கள். கண் எங்கே நுழைகிறது, படம் தாளின் விளிம்பைத் தொடுகிறதா, எவ்வளவு இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது, எழுத்துகள் எந்த வடிவில் அமைந்திருக்கின்றன என்று ஒவ்வொன்றாகக் குறியுங்கள். ப்ரோடோவிச்சின் பக்கங்களில் படத்திலுள்ள உருவத்தின் சாய்வையோ வளைவையோ பின்பற்றி எழுத்துத் தொகுதியும் சாய்ந்து வளைவதைக் காண்பீர்கள். வெண்மை அங்கே மிச்சமாகக் கிடக்காமல் உருவத்தைத் தாங்கி நிற்பதையும் காண்பீர்கள்.

அடுத்து, எழுதிய ஒவ்வொரு வரிக்கும் எதிரே, இது இதழுக்கு வெளியே எந்தக் கலைக்குரிய பழக்கம் என்று கேளுங்கள். ப்ரோடோவிச் பாரிஸில் செர்கெய் தியாகிலெவின் பாலே குழுவுக்கு மேடைத் திரைகள் தீட்டியவர்; 1924இல் ஒரு நடன விழாவுக்கான சுவரொட்டிப் போட்டியில் முதல் பரிசு பெற்றவர். அந்தப் போட்டியில் இரண்டாம் இடம் பிக்காசோவுக்குக் கிடைத்தது. வெற்று மேடையில் ஓர் உடல் அசையும்போது அதைச் சுற்றியுள்ள வெளியும் பொருள் பெறுவதை அறிந்த ஒருவர், வெள்ளைத் தாளையும் அவ்வாறே நடத்தியிருப்பார் என்பது என் ஊகம். ஊகத்தை ஊகம் என்றே குறித்துவையுங்கள். ஆவணப்படுத்தப்பட்ட தொடர்பு ஒரு பத்தியிலும் நீங்கள் உணரும் ஒற்றுமை இன்னொரு பத்தியிலும் இருக்க வேண்டும்; இரண்டும் கலந்துவிட்டால் தேடல் பயனற்றுப்போகும்.

ஒளிப்படத்துக்கு இந்தத் தேடலை இன்னும் ஆழமாகச் செய்யலாம், ஏனெனில் இங்கே சான்றுகள் வலுவானவை. ஹங்கேரியரான மார்ட்டின் முன்காச்சி விளையாட்டுச் செய்திப் படங்கள் எடுத்துத் தேர்ந்தவர். 1933இல் பஸார் இதழுக்காக அதன் ஆசிரியர் குழுவைச் சேர்ந்த கார்மெல் ஸ்னோ அவரை நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்ட் கடற்கரைக்கு அழைத்துச் சென்றார். நீச்சலுடை அணிந்த மாடல் அழகியை அசையாமல் நிறுத்திவைப்பதே அன்றைய வழக்கமாக இருக்க, முன்காச்சி அவரைக் கேமராவை நோக்கி ஓடச் சொன்னார். மேலங்கி காற்றில் பறக்க, உருவம் சற்றே கலங்கிய அந்தப் படம் டிசம்பர் இதழில் வெளிவந்தது. விளையாட்டுத் திடலில் இயல்பாக இருந்த ஒரு முறை ஆடை அலங்காரப் பக்கத்துக்குள் நுழைந்ததும், அந்தத் துறையின் போக்கே மாறத் தொடங்கியது.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது எது? ‘கடற்கரையில் ஓடும் பெண்’ என்று எழுதினால் கிடைப்பது நகல். ‘உடலோடு சேர்ந்து அசையும்போது ஆடை என்ன ஆகிறது என்பதைக் காட்டு’ என்று எழுதினால் கிடைப்பது ஒரு முடிவு. அதைத் தறி நெய்பவரைப் பற்றிய கட்டுரையிலும் பயன்படுத்தலாம். நெசவாளர் கைகட்டி நின்று சிரிக்கும் படத்துக்குப் பதிலாக, நாடா பாயும் கணத்தில் அவருடைய தோள் எப்படித் திரும்புகிறது என்று பாருங்கள். இந்த முழு வழிமுறையில் மிகக் கடினமானதும் மிகத் தேவையானதும் இந்த ஒற்றை வாக்கியத்தை எழுதுவதுதான். அது சரியாக அமையும்வரை கேமராவைத் தொடாதீர்கள்.

ப்ரோடோவிச்சும் தமக்காக அப்படியொரு முடிவை எடுத்தவர். 1930களில் பாலே நிகழ்ச்சிகளைச் சிறு கேமராவால், ஃபிளாஷ் இல்லாமல், மெதுவான ஷட்டர் வேகத்தில் எடுத்த அவர், இருட்டறையில் கலங்கலையும் ஒளிச்சிதறலையும் குறைக்காமல் இன்னும் கூட்டினார். 1945இல் நூலாக வந்த அந்தப் படங்களில் முகங்கள் தெளிவாக இல்லை, நடனம் இருக்கிறது. எதை இழக்கலாம் என்று முன்கூட்டியே தீர்மானிப்பதும் வடிவமைப்பாளரின் வேலை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

தமிழில் வடிவமைப்பவர்கள் ஒன்றைத் தனியே கவனிக்க வேண்டும். ரோமன் எழுத்தில் ப்ரோடோவிச் அமைத்த ஒல்லியான, வளைந்த பத்திகளை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால், நம் சொற்களின் நீளத்தால் வரிகளுக்குள் பெரிய ஓட்டைகள் விழும். உயிர்மெய்க் குறிகள் மேலும் கீழும் நீள்வதால் வரி இடைவெளியும் கூடுதலாகத் தேவைப்படும். ஆகவே பத்தியை அகலமாக்கி, வலப்பக்க விளிம்பைச் சீராக்காமல் விட்டு, வெண்மை வேண்டுமென்றால் ஆசிரியரிடம் பேசிக் கட்டுரையைச் சுருக்கிக் கேளுங்கள். எழுத்துருவின் அளவைக் குறைத்து இடம் பிடிப்பது வாசகரின் கண்ணுக்குச் செய்யும் அநீதி.

பக்கங்கள் தயாரானதும் எல்லாவற்றையும் அச்செடுத்துத் தரையில் வரிசையாகப் பரப்புங்கள். ப்ரோடோவிச்சும் அவ்வாறே இதழின் முழு ஓட்டத்தையும் பார்த்தார். திரையில் ஒவ்வொன்றாகப் பார்க்கையில் அழகாகத் தோன்றிய நான்கு பக்கங்கள், அடுத்தடுத்து வரும்போது ஒன்றையொன்று அமுக்குவது அப்போதுதான் தெரியும். உரத்த பக்கத்தை அடுத்து அமைதியான ஒன்றை வையுங்கள்.

கடைசியாக, கடனைச் சொல்லிவிடுங்கள். அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ரிச்சர்ட் அவெடன் இளமையிலேயே முன்காச்சியின் படங்களால் ஈர்க்கப்பட்டவர். 1957இல் பாரிஸ் தெருவில் தாவும் ஒரு பெண்ணை எடுத்த படத்துக்கு, அது முன்காச்சிக்குச் செலுத்தும் மரியாதை என்று தலைப்பிலேயே எழுதினார். உங்கள் படத்திலோ பக்கத்திலோ மூலத்தை எவரும் அடையாளம் காணக்கூடிய அளவுக்கு நெருக்கம் இருந்தால், படக்குறிப்பில் ஒரு வரியாக அதைச் சேர்த்துவிட்டுப் பிறகு அச்சுக்கு அனுப்புங்கள்.