பெண் கன்ட்ரி பாடகியின் ஆல்பமும் ரேடியோ சார்ட்டும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில், கிராமிய மரபிலிருந்து வந்த கன்ட்ரி இசை இன்னமும் எஃப்எம் ரேடியோவை நம்பித்தான் ஓடுகிறது. பாடகிகளுக்கு அந்த ரேடியோவில் இடம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. ஆண்டிறுதி ஒலிபரப்புப் பட்டியல்களை ஒட்டாவா பல்கலைக்கழகத்தின் ஜாடா வாட்சன் எண்ணிப் பார்த்தார். 2000-இல் மூன்றில் ஒரு பங்கு பாடல்கள் பெண்களுடையவை. 2018-இல் 11 சதவீதம்தான். அதே 2018 டிசம்பரில் ஒரு வாரம், பில்போர்டு இசை இதழின் கன்ட்ரி ஏர்பிளே என்ற ரேடியோ பட்டியலின் முதல் 20 இடங்களில் ஒரு பெண்கூட இல்லை.

இந்த நிலவரம் எல்லா லேபிளுக்கும் (ஆல்பம் வெளியிடும் நிறுவனம்), எல்லா மேனேஜருக்கும் தெரியும். ஆனாலும் ஆல்பம் வேலை தொடங்கியதும் ஆண் பாடகருக்குப் போட்ட அதே திட்டத்தை எடுத்து நீட்டுகிறார்கள். சிக்கல் அங்கேயிருந்துதான் தொடங்குகிறது.

இரண்டு சார்ட்டையும் ஒன்றாகப் பார்ப்பது

"கன்ட்ரி சார்ட்டில் முதலிடம்" என்று ஒரு செய்தி வந்தால், எந்தச் சார்ட் என்று கேட்காமல் அடுத்த வேலைக்குப் போகக் கூடாது. பில்போர்டில் முக்கியமானவை இரண்டு. ஒன்று ஹாட் கன்ட்ரி சாங்ஸ். 2012 அக்டோபர் வரை இதுவே ரேடியோ பட்டியல். அந்த மாதம் விதியை மாற்றி விற்பனை, ஸ்ட்ரீமிங், எல்லா வகை ரேடியோ நிலையங்களின் ஒலிபரப்பு என மூன்றையும் கலந்துவிட்டார்கள். பாப் ரேடியோவில் ஓடிக்கொண்டிருந்த டெய்லர் ஸ்விஃப்டின் ஒரு பாடல் அந்த வாரமே 21-ஆம் இடத்திலிருந்து முதலிடத்துக்குத் தாவியது. இன்னொன்று கன்ட்ரி ஏர்பிளே. இதில் கன்ட்ரி நிலையங்களின் ஒலிபரப்பு மட்டுமே கணக்கு.

இரண்டுக்கும் உள்ள இடைவெளியை 2024-இல் பளிச்சென்று பார்த்தோம். பியான்சேயின் 'டெக்சஸ் ஹோல்டெம்' ஹாட் கன்ட்ரி சாங்ஸில் முதலிடம் பிடித்து, பத்து வாரம் அங்கே இருந்தது. அந்தப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்த முதல் கறுப்பினப் பெண் அவர். கன்ட்ரி ஏர்பிளேயில் அதே பாடல் 33-ஆம் இடத்தைத் தாண்டவில்லை. மக்கள் தேடிப் பிடித்துக் கேட்டார்கள். நிலையங்கள் அந்த அளவுக்குப் போடவில்லை.

இதனால் நடைமுறையில் என்ன கெடும்? ஹாட் கன்ட்ரி சாங்ஸ் எண்ணைக் காட்டி, "ரேடியோ நம் பக்கம் வந்துவிட்டது" என்று நினைத்து நிலையங்களுக்கான புரொமோஷன் பணத்தை நிறுத்திவிடுவார்கள். அல்லது ஏர்பிளேயில் 40-ஐத் தாண்டவில்லை என்று, நன்றாக ஸ்ட்ரீம் ஆகும் பாடலையே கைகழுவிவிடுவார்கள். ஒரு பாடலுக்கு மூன்று எண்களைத் தனித்தனியாக எழுதி வையுங்கள்: கன்ட்ரி ஏர்பிளே இடம், வாராந்திர ஸ்ட்ரீம், விற்பனை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை ஊகிக்க வேண்டாம்.

ஸ்பின் எண்ணிக்கையைப் பார்த்து மகிழ்வது

ஒரு பாடல் ஒருமுறை ஒலிபரப்பானால் ஒரு ஸ்பின். கன்ட்ரி ஏர்பிளேயின் வரிசை ஸ்பின்னால் அமைவதில்லை. எத்தனை பேர் காதில் விழுந்தது என்ற கணக்கால் அமைகிறது. வாரத்தில் 168 மணி நேரம். நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை என்றால் 42 மணி நேரம், சரியாகக் கால் பங்கு. ஆகவே உங்கள் பாடலின் ஸ்பின்களில் 25 சதவீதத்துக்கு மேல் அந்த நேரத்தில் விழுந்தால், நிலையம் அதைத் தூங்கும் ஊருக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். பெண்களின் பாடல்களுக்கு இது அடிக்கடி நடப்பதை வாட்சனின் நேரவாரி ஆய்வும் காட்டியது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெரிய நகரத்து நிலையம் ஒன்றைக் காலை 8 மணிக்கு 20,000 பேரும், அதிகாலை 3 மணிக்கு 1,000 பேரும் கேட்கிறார்கள் என்று வையுங்கள். வாரம் 20 ஸ்பின். அதில் 15 அதிகாலையிலும் 5 காலையிலும் விழுந்தால் மொத்தம் 1,15,000. தலைகீழாக விழுந்தால் 3,05,000. ஸ்பின் அதே 20-தான். சார்ட்டில் கிடைக்கும் பலன் இரண்டரை மடங்குக்கும் மேல். புரொமோஷன் ஆள் வாராந்திர அறிக்கை கொடுக்கும்போது நேரவாரிப் பிரிவைக் கேட்டு வாங்குங்கள்: காலை 6 முதல் 10, மாலை 3 முதல் 7, நள்ளிரவு. "புதிதாகப் பத்து நிலையம் சேர்த்திருக்கிறது" என்று மட்டும் சொல்லும் அறிக்கையால் பயன் இல்லை.

யாரோடு போட்டி என்று தெரியாமல் தேதி குறிப்பது

2015 மே மாதம் கீத் ஹில் என்ற ரேடியோ ஆலோசகர், கேட்போர் எண்ணிக்கை வேண்டுமென்றால் பெண்களின் பாடல்களைக் குறையுங்கள் என்று நிலையங்களுக்குச் சொன்னார். ஆண் பாடகர்கள் சாலடில் கீரை, பெண்கள் இடையிடையே போடும் தக்காளி என்று ஒப்பிட்டதால் 'தக்காளி விவகாரம்' என்றே அது பெயர் பெற்றது. ஒப்பீடு கேவலமானது. ஆனால் வழக்கத்தை அவர் உண்டாக்கவில்லை, வாய்விட்டுச் சொன்னார், அவ்வளவுதான். இரண்டு பெண்களை அடுத்தடுத்துப் போடக் கூடாது என்ற எழுதாத விதி பல நிலையங்களில் இருந்தது. 2020-இல் மிச்சிகன் நிலையம் ஒன்று ட்விட்டரிலேயே அதை ஒப்புக்கொண்டது.

இந்த விதியின் விளைவு பலருக்குப் புரிவதில்லை. புதுப் பாடகியின் சிங்கிள் (ரேடியோவுக்குத் தனியாக அனுப்பும் பாடல்) ஆண் பாடகர் லூக் பிரையனின் சிங்கிளோடு மோதுவதில்லை. பெண்களுக்கென்று ஒதுக்கிய இரண்டோ மூன்றோ இடத்துக்காக மிராண்டா லேம்பர்ட்டோடும் கேரி அண்டர்வுட்டோடும் மோதுகிறது. அது போதாதென்று, பழைய ஹிட் வரிசையில் வரும் ஷனாயா ட்வெயினும் ஃபெய்த் ஹில்லும்கூட அதே இடத்தை அடைத்துக்கொள்வார்கள்.

கன்ட்ரி நிலையங்கள் புதுப் பாடலைச் சேர்க்கும் நாள் திங்கள்கிழமை. எந்தத் திங்கள் என்று முடிவு செய்யும் முன், முன்னும் பின்னும் ஆறு வாரத்தில் எந்தப் பெரிய பாடகியின் சிங்கிள் வருகிறது என்று பாருங்கள். விதி அநியாயமானது என்பது உண்மை. அதற்காகக் காலண்டரைப் பார்க்காமல் இருந்தால் நஷ்டம் பாடகிக்குத்தான்.

இதோடு ஒட்டிய இன்னொரு பிழை, "கேட்போரே பெண்களை விரும்பவில்லை, ஆய்வு சொல்கிறது" என்ற பேச்சை அப்படியே ஏற்பது. நிலையங்கள் செய்யும் ஆய்வில் பாடலின் சில நொடித் துண்டைப் போட்டுக் காட்டிப் பிடிக்கிறதா என்று கேட்பார்கள். கேட்டுப் பழகிய பாட்டுக்குத்தான் நல்ல மதிப்பெண் விழும். குறைவாக ஒலிபரப்பான பாட்டு பழகாதது, எனவே மதிப்பெண் குறைவு, எனவே இன்னும் குறைவாக ஒலிபரப்பு. ஓரிரு வார மதிப்பெண்ணைக் காட்டிப் பாடலை இறக்கப் பார்த்தால், எத்தனை பேருக்குப் பாடல் தெரிந்திருந்தது என்ற பரிச்சய சதவீதத்தையும் கேளுங்கள்.

சிங்கிள் ஏறட்டும், பிறகு ஆல்பம் என்று காத்திருப்பது

எல்லாவற்றிலும் மோசமான தவறு இதுதான். கன்ட்ரி ரேடியோவில் ஒரு சிங்கிள் மேலே வர ஓர் ஆண்டுகூட ஆகலாம். வரும் என்பதற்கும் உறுதியில்லை. "முதல் 20-க்குள் வந்தால் ஆல்பத்தை விடலாம்" என்று லேபிள் சொன்னால், பெண் பாடகிக்கு அது கிட்டத்தட்ட "இல்லை" என்ற பதில்தான்.

மிக்கி கைட்டனைப் பாருங்கள். 2011-இல் கேப்பிட்டல் நாஷ்வில் லேபிளில் ஒப்பந்தம். முதல் ரேடியோ சிங்கிள் 2015-இல். முதல் முழு ஆல்பம் வந்தது 2021 செப்டம்பரில். நடுவில் பத்து ஆண்டு! இத்தனைக்கும் ரேடியோவின் தயவால் அந்த ஆல்பம் வரவில்லை. 2020-இல் வந்த 'பிளாக் லைக் மி' கிராமி பரிந்துரை பெற்றது. கன்ட்ரி தனிப்பாடகர் பிரிவில் அந்தப் பரிந்துரை பெற்ற முதல் கறுப்பினப் பெண் ஆனார்.

மறுபக்கம் கேசி மஸ்கிரேவ்ஸ். 2018 மார்ச்சில் 'கோல்டன் அவர்' ஆல்பத்தை ரேடியோ ஹிட் எதற்கும் காத்திராமல் வெளியிட்டார். அதன் 'ஸ்பேஸ் கவ்பாய்' ஏர்பிளேயில் 30-ஆம் இடத்தோடு நின்றது. ஆல்பமோ கன்ட்ரி ஆல்பம் பட்டியலில் முதலிடத்தில் நுழைந்து, 2019-இல் கிராமியின் ஆண்டின் சிறந்த ஆல்பம் ஆனது. அதற்கும் முன்பு, 2016-இல், மார்கோ பிரைஸின் முதல் ஆல்பம் கன்ட்ரி ஆல்பம் பட்டியலில் பத்தாம் இடத்தைப் பிடித்தது. அதுவரை ஹாட் கன்ட்ரி சாங்ஸில் அவருக்கு ஒரு பாடல்கூட இல்லை.

ரேடியோவே வேண்டாம் என்பதல்ல. வரிசையை மாற்றுங்கள் என்பதுதான். கேபி பாரெட் 'ஐ ஹோப்' பாடலை 2019 ஜனவரியில் தானே வெளியிட்டார். ஸ்ட்ரீமிங்கில் ஓடியது. வார்னர் நாஷ்வில் லேபிள் அவரை எடுத்துக்கொண்டு ஜூலையில் ரேடியோவுக்கு அனுப்பியது. 2020 ஏப்ரலில் கன்ட்ரி ஏர்பிளே முதலிடம். நிலையத்தின் நிகழ்ச்சிப் பொறுப்பாளரிடம் போகும்போது கையில் அவருடைய நகரத்து ஸ்ட்ரீமிங் எண் இருக்க வேண்டும். நாடு முழுவதற்குமான மொத்த எண்ணைக் கேட்டால் அவர் தலையாட்டுவார். அவர் ஊரில் எத்தனை பேர் கேட்டார்கள் என்று சொன்னால் காது கொடுப்பார். ஆல்பத் தேதியை மட்டும் கச்சேரிப் பயணத்தோடு கட்டுங்கள், சார்ட்டோடு வேண்டாம்.

முதல் வாரக் கணக்கில் கோட்டை விடுவது

பில்போர்டு ஆல்பம் கணக்கில் ஒரு முழு ஆல்பம் விற்பதும், பத்துப் பாடல் தனித்தனியே விற்பதும் ஒரே மதிப்பு. ஸ்ட்ரீமிங்கில் 2018 முதல் சந்தாதாரர்களின் 1,250 ஸ்ட்ரீம், அல்லது விளம்பரத்தோடு கேட்போரின் 3,750 ஸ்ட்ரீம் ஓர் ஆல்பத்துக்குச் சமமாக இருந்தது. 2026 ஜனவரியில் இதை 1,000, 2,500 என்று குறைத்தார்கள். புதிய விதிப்படி 5,000 வினைல் இசைத்தட்டு விற்றால் அது 50 லட்சம் சந்தா ஸ்ட்ரீமுக்கு ஈடு. ரேடியோ பலம் இல்லாத பாடகிக்கு 50 லட்சம் மலை; பயணக் கச்சேரிகளில் 5,000 இசைத்தட்டு எட்டக்கூடியது.

ஆனால் முன்பதிவு செய்த நாளில் விற்பனை கணக்கில் ஏறாது. 2020 விதிமாற்றத்துக்குப் பிறகு, இசைத்தட்டு வாங்குபவருக்கு அனுப்பப்பட்ட வாரத்தில்தான் ஏறும். அச்சடிக்கும் ஆலை மூன்று வாரம் தாமதித்தால் முதல் வாரச் சார்ட் போய்விடும். மாதிரித் தட்டைக் கேட்டு ஒப்புதல் கொடுக்கும் வரை வெளியீட்டு வெள்ளிக்கிழமையை அறிவிக்க வேண்டாம். அதேபோல் கச்சேரி வாசலில் விற்றவை, பில்போர்டுக்கு விற்பனைக் கணக்குத் தரும் லுமினேட் நிறுவனத்துக்கு முறைப்படி அறிவித்தால்தான் சேரும். மேசையில் பணம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனால் சார்ட்டைப் பொறுத்தவரை அந்த விற்பனை நடக்கவே இல்லை.

இலவசக் கச்சேரியும் ரேடியோ காசும்

நிலையம் நடத்தும் விழாவில் சம்பளமின்றிப் பாடினால் பாட்டைப் போடுவார்கள் என்று யாராவது சொன்னால் எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். பணமோ பண்டமோ வாங்கிக்கொண்டு அதை அறிவிக்காமல் ஒலிபரப்புவது 1960 முதல் அமெரிக்கச் சட்டப்படி குற்றம். இலவசக் கச்சேரியும் அதில் அடங்கும் என்று மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம் 2025 பிப்ரவரியில் நிலையங்களை எச்சரித்தது.

இன்னொன்றை ஒப்பந்தம் போடும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க ஏஎம், எஃப்எம் நிலையங்கள் பாடியவருக்கு ராயல்டி தருவதில்லை. பாடலை எழுதியவருக்கும் அதன் பதிப்பாளருக்கும் மட்டுமே. பிறர் எழுதிய பாடலை மட்டும் பாடும் பாடகி ஏர்பிளேயில் முதலிடம் பிடித்தாலும் அந்த ஒலிபரப்பிலிருந்து அவருக்கு ஒரு டாலர் வராது. சாட்டிலைட் ரேடியோவும் இணைய ரேடியோவும் வேறு: அந்த ராயல்டியை வசூலித்துப் பிரித்துத் தரும் சவுண்ட் எக்ஸ்சேஞ்ச் அமைப்பு வழியாக 45 சதவீதம் முதன்மைக் கலைஞருக்கு நேரடியாக வரும். அதற்குப் பாடகி தன் பெயரில் பதிவு செய்திருக்க வேண்டும். பாடல் எழுதும் அறையில் அவரும் உட்கார்ந்து எழுதியிருந்தால், பங்கு எத்தனை சதவீதம் என்பதை அன்றே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது. பாட்டு ஓடத் தொடங்கிய பிறகு அந்தப் பேச்சை எடுத்தால் எல்லாருக்கும் நினைவு வேறு வேறாக இருக்கும்.