தற்செயலை வரவேற்பதில் நாம் செய்யும் தவறுகள்

பினாங்கு சாலையிலுள்ள சௌராஸ்தா சந்தையின் மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன்பு அங்கே ஓர் இலக்கண நூலைத் தேடிக்கொண்டிருந்தபோது, அட்டை கிழிந்த வேறொரு தமிழ்ப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் யாரோ பென்சிலால் எழுதிவைத்த சாமான் பட்டியல் கண்ணில் பட்டது. நெத்திலி, மண்ணெண்ணெய், சூடம், கண்ணாடி வளையல் ஒரு டஜன். கடைசி வரி மட்டும் இரண்டு முறை அடிக்கப்பட்டிருந்தது. ஐந்து மாதமாக நகராமல் கிடந்த என் சிறுகதை அன்றிரவு நகர்ந்தது. தனக்கென்று எதையும் வாய்திறந்து கேட்காத ஒரு தோட்டத்துத் தாயைப் பற்றிய கதை அது. அவளுக்கும் ஆசை இருந்தது என்பதைக் காட்டும் வழி அதுவரை எனக்குப் பிடிபடவில்லை.

இதைக் கேட்கும் இளம் எழுத்தாளர்கள் பலர், தங்களுக்கும் அப்படியொன்று வாய்க்கட்டும் என்று எழுதாமல் காத்திருக்கிறார்கள். தவறுகளில் மிகப் பெரியது இதுதான். முடியாத கதை ஒன்று என் மனத்தில் உறுத்திக்கொண்டிருக்காவிட்டால், அந்த வரி யாரோ ஒருவரின் கடைக்கணக்காகவே என்னைக் கடந்து போயிருக்கும். 1928 செப்டம்பரில், விடுமுறை முடிந்து லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனைக்குத் திரும்பிய, பின்னாளில் பென்சிலினால் புகழ்பெற்ற ஆய்வாளர் அலெக்சாண்டர் பிளெமிங், கிருமிகளை வளர்த்த தட்டு ஒன்றில் பூஞ்சை படர்ந்திருப்பதையும் அதைச் சுற்றிக் கிருமிகள் அழிந்திருப்பதையும் கண்டார். கெட்டுப்போனது என்று எறிந்துவிடக்கூடிய அந்தத் தட்டை அவர் ஊன்றிப் பார்த்ததற்குக் காரணம் உண்டு. கிருமிகளைக் கரைக்கும் லைசோசைம் என்ற பொருளைச் சில ஆண்டுகளுக்கு முன்பே அவர் கண்டறிந்திருந்ததால், எதைக் கவனிக்க வேண்டும் என்பது அவர் கண்ணுக்குப் பழகியிருந்தது. தேடாத நல்லது தற்செயலாகக் கிடைப்பதைக் குறிக்கும் ‘செரண்டிபிட்டி’ என்ற ஆங்கிலச் சொல்லை 1754இல் ஆங்கில எழுத்தாளர் ஹோரஸ் வால்போல் உருவாக்கியது செரண்டிப், அதாவது இலங்கையின் மூன்று இளவரசர்களைப் பற்றிய கதையிலிருந்துதான். தற்செயலோடு கூர்மதியையும் சேர்த்தே அவர் அச்சொல்லை விளக்கினார். நாம் தற்செயலை மட்டும் எடுத்துக்கொண்டு கூர்மதியை விட்டுவிட்டோம்.

பிழையைக் கண்டவுடன் துடைத்துவிடுவது அடுத்த தவறு. சுங்கை பினாங்கு ஆற்றோரக் குடியிருப்பைப் பற்றிக் கதை எழுதிய மாணவி ஒருத்தி, ‘ஆற்றங்கரை’ என்பதை ‘ஆற்றங்கறை’ என்று எழுதியிருந்தாள். வல்லின றகரத்தின் மேல் சிவப்புக் கோடு போட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கறுத்த நீரும் அதன் ஓரத்தில் துவைத்து உலர்த்திய பள்ளிச் சீருடையுமாக அவள் எழுதிய கதைக்கு அதைவிடப் பொருத்தமான தலைப்பு கிடையாது என்பது ஒரு வாரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அதற்குள் அவள் அடுத்த கதைக்குப் போய்விட்டிருந்தாள். எழுத்துப் பிழையைத் திருத்தத்தான் வேண்டும். ஆனால் திருத்துமுன், அந்தப் பிழை என்ன சொல்கிறது என்று ஒரு கணம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரியில் கடலைக் கடக்கும் சிறிது நேரத்தைக்கூட இன்று கைப்பேசி நிரப்பிவிடுகிறது. பக்கத்து இருக்கைப் பேச்சு காதில் விழாதவருக்கு உரையாடல் எழுத வராது என்பது என் உறுதியான எண்ணம். காதில் விழுந்ததை அப்போதே குறித்துக்கொள்ளவும் வேண்டும், ஏனெனில் கரை இறங்குவதற்குள் சொற்களின் வரிசை மாறிவிடுகிறது.

தற்செயலாக வந்தது என்பதற்காகவே ஒன்றைக் கைவிட மறுப்பதும் தவறுதான், அந்தத் தவற்றையும் நான் செய்தேன். வளையல் வரியை அடித்தது யார், ஏன் என்றெல்லாம் முதல் வரைவில் இரண்டு பக்கத்துக்கு விளக்கியிருந்தேன். நான்காம் வரைவில் அந்த விளக்கம் முழுவதும் போயிற்று. மகள் பட்டியலைக் கடைக்காரரிடம் நீட்டுகிறாள், அவர் அடித்த வரியையும் சேர்த்து உரக்கப் படிக்கிறார்.