பூச்சாடி ரோஜா சீக்கிரம் தலை சாய்கிறதா?

ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக் குடில்களில் விளையும் நீளக் காம்பு ரோஜா இப்போது பல ஊர்ப் பூக்கடைகளில் கிடைக்கிறது. ஆசையாக வாங்கி வைத்தால் இரண்டாம் நாளே கழுத்து மடிந்து தொங்குகிறது என்பது பலரின் குறை. சாடி நிறையத் தண்ணீர் இருந்தும் பூ தாகத்தில்தான் வாடுகிறது. காம்பின் வெட்டுவாயில் காற்று புகுந்துகொள்ளும். தண்ணீரில் பெருகும் பாக்டீரியா அதை அடைத்துவிடும். அந்த அடைப்பைத் தடுப்பதே இங்கே வேலை.

1. சாடியைப் பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டுத் தேயுங்கள். உள்ளே விரலால் தடவினால் வழுக்கக் கூடாது.

2. தண்ணீரில் மூழ்கும் இலைகளை மட்டும் கிள்ளிவிடுங்கள். அவைதான் முதலில் அழுகும். முள்ளைச் சீவ வேண்டாம். தோல் உரிந்த இடமெல்லாம் கிருமிக்கு வாசல்.

3. இதில் மட்டும் அவசரம் கூடாது. அகலமான பாத்திரத்துத் தண்ணீருக்குள் காம்பின் நுனியை அமிழ்த்தி, அங்கேயே 2 அல்லது 3 செ.மீ. சாய்வாக வெட்டுங்கள். சாய்வாக வெட்டினால் நுனி சாடியின் அடியில் ஒட்டிக்கொள்ளாது. கூரிய கத்தி வேண்டும். மழுங்கிய கத்தரிக்கோல் காம்பை நசுக்கிவிடும். வெட்டிய முகம் பழுப்பாக இருந்தால் இன்னும் சற்று மேலே வெட்டுங்கள். பச்சையாக, ஈரமாகத் தெரிய வேண்டும். உடனே சாடிக்கு மாற்றிவிடுங்கள்.

4. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி சர்க்கரை, இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, கடைசியாகக் கால் தேக்கரண்டி திரவ பிளீச். சர்க்கரை பூவுக்கு உணவு. எலுமிச்சையின் புளிப்பால் தண்ணீர் எளிதாக மேலே ஏறும். பிளீச் கிருமியை அடக்கும். பிளீச்சையும் எலுமிச்சைச் சாற்றையும் தண்ணீர் இல்லாமல் நேரடியாகக் கலக்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும். பிளீச் இல்லையா? சர்க்கரையையும் விட்டுவிடுங்கள். வெறும் சர்க்கரைத் தண்ணீர் பூவைவிடப் பாக்டீரியாவுக்குத்தான் விருந்து.

சாடியில் காசு போடச் சொல்பவர்கள் உண்டு. செம்பு கிருமியைக் கொல்லும் என்பது அதன் கணக்கு. நம் ஒரு ரூபாய் நாணயமோ துருப்பிடிக்காத எஃகு. அது உண்டியலிலேயே இருக்கட்டும்.

மின்விசிறிக்கு நேர் கீழே சாடியை வைக்காதீர்கள். பழுத்த வாழைப்பழம், மாம்பழம் பக்கத்திலும் வேண்டாம். பழம் விடும் எத்திலீன் வாயு பூவை முதுமையாக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை கரைசலை மாற்றி, காம்பைக் கொஞ்சம் வெட்டிவிடுங்கள்.

ஜெர்பராவுக்கு மட்டும் முறை வேறு: அதன் காம்பு ஆழமான தண்ணீரில் சீக்கிரம் அழுகும், நான்கு விரல் உயரம் போதும். சம்பங்கித் தண்டில் அடியில் வாடிய பூக்களை அவ்வப்போது கிள்ளிவிடுங்கள்.

கழுத்து சாய்ந்த ரோஜாவையும் உடனே எறிந்துவிடாதீர்கள். நுனியைப் புதிதாக வெட்டி, பூவும் காம்பும் முழுதாக மூழ்கும்படி அகன்ற தொட்டியில் ஒரு மணி நேரம் படுக்க வையுங்கள். பல நேரம் நிமிர்ந்துவிடும்; இதழ் ஓரம் கருகியிருந்தால் மட்டும் பயனில்லை.